அரக்கனுக்கு ஒரு முகம்

பாரிஸில், கதைப் புத்தகங்களுக்கு மரக்கட்டையில் படம் செதுக்கும் பட்டறை ஒன்றை மதாம் ஒடில் நடத்திவந்தார். தேவதைக் கதைப் படங்கள் என்றால் பதிப்பாளர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள்.

அவரிடம் சீடராகச் சேர்ந்த அனிசேவுக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது அதிகம். அதுவரை கல்லறைகளில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தவர். அவர் கோடு பிசகாது, முகம்தான் வராது.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு ஒரு பெரிய புத்தகம் வரவிருந்தது. நாற்பது படங்கள். பட்டறையில் இருந்த ஆறு பேருக்கும் இலையுதிர்காலம் முழுக்க வேலை. ஆனால் மனிதரைத் தின்னும் அரக்கனை அனிசே செதுக்கிய படத்தைப் பதிப்பாளர் ப்ரூலே மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்.

மூன்றாவது அச்சின் ஓரத்தில் எழுதியிருந்தார்: “இவன் குழந்தையைத் தின்ன வரவில்லை, துக்கம் விசாரிக்க வந்திருக்கிறான். இன்னொரு முறை இப்படி வந்தால் மொத்த வேலையும் வேறு பட்டறைக்குப் போகும்.”

அனிசே கேட்டார்: “மதாம், நான் அரக்கனைப் பார்த்ததே இல்லை. பார்க்காததை எப்படி வரைவது?”

ஒடில் அலமாரியிலிருந்து மூன்று பழைய படங்களை எடுத்து மேஜையில் பரப்பினார்.

முதலாவது, ஊர் ஊராகக் கூடையில் சுமந்து விற்ற மலிவுப் புத்தகத்தில் வந்தது. முரட்டுக் கோடுகள். அரக்கன் தலையில் நீதிபதிகள் அணியும் சுருள் பொய்முடி. இரண்டாவது, செப்புத் தகட்டில் கீறி அச்சிட்டது. கோடுகள் மயிரிழைபோல் இருந்தன. அரக்கன் இடுப்பில் வரி வசூலிப்பவரின் தோல்பை. மூன்றாவது ஒடிலின் ஆசிரியர் மரத்தில் செதுக்கியது. அரக்கனுக்குத் தளபதி மீசை.

“இவற்றை வரைந்தவர்கள் மட்டும் அரக்கனைப் பார்த்தார்களா?” என்றார் அனிசே.

“தினமும்.”

அனிசேவுக்குப் புரியவில்லை.

“சரி, ப்ரூலேவிடம் நேரில் போய், என்ன குறை என்று கேட்டு வாருங்கள்” என்றார் ஒடில்.

ப்ரூலே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு முழுக் கோழி. அரை மணி நேரம் திட்டினார்; மெல்லுவதை நிறுத்தவில்லை. கோழிக்காலை நீட்டி நீட்டிப் பேசினார். “போ! செத்தவர்களுக்கே வெட்டு! அவர்கள்தான் குறை சொல்ல மாட்டார்கள்!” என்று கத்தினார். அனிசே தொப்பியைப் பிடித்தபடி நின்றார்.

பட்டறைக்குத் திரும்பினார். ஒரு கட்டையை இழுத்துப் போட்டு வரைந்தார். மூன்று நாள் செதுக்கினார். நான்காம் நாள் மை தடவி, தாளை அழுத்தி, உரித்து எடுத்தார். பார்த்ததும் முகம் வெளுத்தது.

மூன்று மடிப்பு மோவாய். மேலேறிய இடது புருவம். கையில் எலும்பு.

“மதாம், இது... இது அவர்!”

“ஆமாம். மூக்கு பிரமாதம்.”

“கிழித்துவிடுகிறேன்.”

அதற்குள் மாடிப்படியில் கனத்த காலடி கேட்டது. ப்ரூலேயே வந்துவிட்டார். தாளைப் பிடுங்கிப் பார்த்தார். அவருடைய இடது புருவம் மேலேறியது. பட்டறையில் உளிச் சத்தம் நின்றது. அனிசே கண்ணை மூடிக்கொண்டார்.

ப்ரூலே தொடையில் தட்டிச் சிரித்தார்.

“என் மைத்துனன்! அச்சு அசல் என் மைத்துனன்! ஐயா, அவனை எங்கே பார்த்தீர்கள்?”

அனிசே கண்ணைத் திறந்தார்.

“முழுப் பக்கத்தில் போடுங்கள்! எனக்குத் தனியாக ஒரு பிரதி வேண்டும். அவன் விருந்துக்கு வரும்போது எதிரே மாட்டி வைக்கிறேன்.”

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார். அனிசே நாற்காலியில் சரிந்தார்.

“மதாம், அவருக்கு எப்படி அடையாளம் தெரியாமல் போனது?”

“முகம் தெரிந்ததே. விலாசம்தான் மாறிவிட்டது.”

பட்டறையில் சேர்ந்த பிறகு அன்றுதான் அனிசே வாய்விட்டுச் சிரித்தார். உற்சாகமாக இன்னொரு கட்டையை எடுத்தார்.

“அடுத்து என்ன படம், மதாம்?”

“சூனியக்காரி.”

அனிசே பென்சிலைச் சீவினார். யோசித்தார். மெல்ல நிமிர்ந்து, எதிரே உட்கார்ந்திருந்த ஒடிலைப் பார்த்தார். சட்டென்று குனிந்துகொண்டார். காது சிவந்தது.

ஒடில் தம் வேலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“தயங்காமல் வரையுங்கள், அனிசே. நான் அதை என் அக்கா என்று நினைத்துக்கொள்கிறேன்.”