இடது மணிக்கட்டுப் புள்ளி

குணபாலன் பதினெட்டு வருடம் கையால் அனிமேஷன் செய்தவர். அவர் செய்த பூனை மதிலிலிருந்து குதித்தால், பார்க்கிறவர்களுக்குப் பூனையின் எடை தெரியும் என்பார்கள். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். நாற்பத்து மூன்று வயதில், பெருங்குடியில் இருந்த ஒரு மோஷன் கேப்சர் கூடத்தில் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். அங்கே மனிதர்கள் நடிப்பார்கள். அந்த அசைவைக் கேமராக்கள் பதிவு செய்யும். பிறகு அது திரையில் இருக்கும் ஒரு கதாபாத்திரத்துக்குப் போய்ச் சேரும்.

கற்றுக்கொடுத்தவர் பர்வீன். அவருக்கு முப்பத்தொரு வயது. மாணவர் ஆசிரியரை மேடம் என்றார். ஆசிரியர் மாணவரைக் குணா சார் என்றார். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை.

முதல் நாள் பர்வீன் பாடம் எதுவும் எடுக்கவில்லை. உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையைக் கொடுத்து அணியச் சொன்னார். மூட்டுக்கு மூட்டு சின்னச் சாம்பல் நிற உருண்டைகளை ஒட்டினார். அவற்றுக்கு மார்க்கர் என்று பெயர். சுற்றியிருந்த கேமராக்களுக்கு மனிதன் தெரிவதில்லை. அந்த உருண்டைகள் மட்டும்தான் தெரியும்.

“பத்து நிமிஷம் அசையாம நில்லுங்க சார்.”

குணபாலன் நின்றார். முடிந்ததும் பர்வீன் திரையில் காட்டினார். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள். மார்புப் புள்ளிகள் ஏறி இறங்கின. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் வந்தது.

“நான் அசையவே இல்லையே மேடம்.”

“அசையாத ஆளை இந்தக் கேமராங்க இன்னும் பாத்ததில்ல.”

அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்த வேலை, சுத்தம் செய்வது. நடிகர் திரும்பும்போது ஏதாவது ஒரு மார்க்கர் மறைந்துவிடும். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். சில புள்ளிகள் காரணமில்லாமல் துடிக்கும். அந்தத் துடிப்பை நாய்ஸ் என்பார்கள். அதை நீக்க வேண்டும். குணபாலனுக்குக் கண்ணும் கையும் பழகியவை. மூன்றே வாரத்தில் கூடத்தில் இருந்த எல்லோரையும்விட வேகமாகச் செய்தார்.

குழந்தைகளுக்கான ஒரு படம் நடந்துகொண்டிருந்தது. அதில் வரும் படகோட்டியாக நடித்தவர் பிச்சையா. அம்பாசமுத்திரத்துக்காரர், ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் சினிமாவில் ஸ்டண்ட் கலைஞராக இருந்து, குதிரையிலிருந்தும் மாடியிலிருந்தும் விழுந்தவர். குணபாலன் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சுத்தம் செய்யும் அறை கூடத்தின் பின்பக்கம் இருந்தது. அவருக்கு வந்து சேர்ந்ததெல்லாம் புள்ளிகள்.

படகோட்டி ஆட்களுக்காகக் காத்துக் கரையில் உட்கார்ந்திருக்கும் காட்சிகள் சில இருந்தன. அவற்றில் மட்டும் இடது மணிக்கட்டுப் புள்ளி துடித்தது. மார்க்கர் தளர்ந்திருக்கும் என்று நினைத்த குணபாலன், துடிப்பை நீக்கினார். அடுத்த வாரமும் துடித்தது. மார்க்கரை இறுக்கி ஒட்டச் சொல்லி அனுப்பினார். அப்புறமும் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து நீக்குவானேன் என்று, சின்னதாக ஒரு கணினி நிரல் எழுதினார். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், மணிக்கட்டு கல்லாக நின்றது. சில மாதங்களில் பதினொரு காட்சிகளை அப்படி முடித்தார்.

பெருமையோடு பர்வீனிடம் காட்டினார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்.

“கை பழகிடுச்சு மேடம். ஆனா ஒண்ணு புரியல. எது அசைவு, எது நாய்ஸ்னு எப்படிப் பிரிக்கிறது? ஏதாவது விதி இருக்கா?”

பர்வீன் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இறுக்கி ஒட்டின பிறகும் ஆடுச்சா?”

“ஆமா.”

“நீங்க சுத்தம் பண்றதுக்கு முன்னாடி இருந்தது இருக்கில்ல? பதினொண்ணையும் தேதி வரிசையா போடுங்க. அந்த ஒரு புள்ளி மட்டும் போதும்.”

போட்டார். இருண்ட திரையில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. முதல் காட்சியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத துடிப்பு. ஐந்தாவதில் தெளிவாகத் தெரிந்தது. பதினொன்றாவதில் எண்ணிவிடலாம் போலச் சீராக அடித்தது. படகோட்டி எழுந்து துடுப்பை எடுத்த கணத்தில் நின்றது. துடுப்பை வைத்துவிட்டு உட்கார்ந்ததும் மறுபடி தொடங்கியது.

“தளர்ந்த மார்க்கர் எப்ப ஆடும் சார்?”

“வேகமா அசையும்போது.”

“இது?”

“சும்மா இருக்கும்போது. அப்ப ஆடுறது மார்க்கர் இல்ல, அவரோட கைதான்.”

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?” என்று கேட்டார்.

“இல்ல. நீங்க சுத்தம் பண்ணினதைத்தான் நானும் பாத்துட்டிருந்தேன்.”



“இன்னும் ஒன்பது நாள் வேலை இருக்கு” என்றார் குணபாலன். “இப்ப சொன்னா அவரைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டுடுவாங்க. முடியட்டும், அப்புறம் சொல்லலாமே.”

“கேமரா பாத்துடுச்சு. நீங்க பாத்தீங்க. நான் பாத்துட்டேன்” என்றார் பர்வீன். “கைக்குச் சொந்தக்காரர்தான் பாக்கல.”

டீ இடைவேளையில் குணபாலன் கூடத்துக்குப் போனார். பிச்சையா ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். வலது கையில் டீ. இடது கை மடியில் கிடந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது.

“அண்ணே, நான் குணபாலன். உங்க அசைவைச் சுத்தம் பண்ற ஆள்.”

“அடடே, நீங்கதானா? நல்லா பண்ணுதீங்கன்னு சொன்னாவ தம்பி.”

குணபாலன் சுற்றி வளைக்கவில்லை. கண்டதைச் சொன்னார். பிச்சையா சிரித்தார். பிறகு தன் கையைக் குனிந்து பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

“சட்டைப் பொத்தான் போட நேரமாவுது. வயசாயிட்டுன்னு நெனச்சேன்.” டீயைக் கீழே வைத்தார். “எனக்குக் காட்டுதீங்களா அதை?”

அறைக்குக் கூட்டி வந்து காட்டினார்கள். பிச்சையா அந்தப் புள்ளியைப் பதினொரு முறையும் பார்த்தார். தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

நான்கு நாள் அவர் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தார். ஆஸ்பத்திரியில் பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய் என்று சொல்லியிருந்தார்கள். ஆரம்பம்தான், மாத்திரை இருக்கிறது, இன்னும் பல வருடம் வேலை செய்யலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். டைரக்டரிடம் பிச்சையாவே போய்ச் சொன்னார். டைரக்டர் யோசித்துவிட்டு, ஆற்றில் குதிக்கும் காட்சியை மட்டும் வேறு ஆளுக்குக் கொடுத்தார். பிச்சையா அன்று மதியம் சாப்பிடவில்லை. மறுநாள் துடுப்பைப் பிடித்தார்.

குணபாலன் அவரிடம் போய் நின்றார்.

“அண்ணே, அந்தப் பதினொரு காட்சியிலயும் நான் எடுத்ததைத் திரும்ப வச்சுடவா? உங்க கைதானே.”

“எனக்குத்தான் தம்பி வியாதி. படகோட்டிக்கு எதுக்கு? புள்ளைங்க பாக்குற படம். எடுத்துருங்க. எங்கே, நீங்க எடுத்ததைக் காட்டுங்க பாப்போம்.”

காட்டினார். பிச்சையா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூன்றாவது காட்சியில் கையை நீட்டித் தடுத்தார்.

“இங்க என் கை சும்மா கிடக்கே. நா இங்க தொடையில தாளம் போட்டேன்லா? ஆள் வரலியேன்னு படகோட்டி போடுற தாளம் அது. எங்க போச்சு?”

குணபாலன் பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நடுக்கத்துக்குள்ளே தாளம் இருந்தது. பொத்தான் இரண்டையும் சேர்த்தே எடுத்திருந்தது.

நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து உட்கார்ந்தார். வேலை முடிந்து பிச்சையா தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “இது வியாதி.” “இது நான்.” “இது எதுன்னு எனக்கே தெரியல, இருந்துட்டுப் போகட்டும்.” பதினொரு காட்சிக்கும் ஆறு நாள் ஆனது.

முடிந்ததும் பர்வீன் எல்லாவற்றையும் பார்த்தார். கரையில் உட்கார்ந்திருந்த படகோட்டி, ஆள் வராத எரிச்சலில் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான்.

“அனுப்பிடலாம்” என்றார்.

குணபாலன் போகாமல் நின்றார்.

“மேடம், நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. அடுத்த மாசம் புதுப் படம் வருது. அதுலயாவது தப்பு பண்ணாம இருக்கணும். எது நாய்ஸ்னு ஒரு விதி சொல்லுங்க.”

“புதுப் படத்துல நடிக்கிறது யாரு சார்?”

“இன்னும் முடிவாகல மேடம்.”

“அப்ப எனக்கும் தெரியாது” என்றார் பர்வீன்.