முதல் வாய்

பண்ருட்டிக்கு வெளியே, முந்திரித் தோப்புக்குள் ஓர் ஓட்டுவீடு. அங்கே அமலோற்பவம் என்றொரு குரு இருந்தாள். தேடி வருகிறவர்கள் அவளை அம்மா என்பார்கள். திலகவதியும் நாலு பேர் இருந்தால் அம்மா என்பாள். யாரும் இல்லாவிட்டால் அமலி.

கடலூர் கான்வென்டில் இருவரும் ஒரே வகுப்பு. திலகவதி கிளாஸ் லீடர். அமலி கடைசி பெஞ்ச். வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலை திலகவதியுடையது. அமலியின் பெயரை மட்டும் அவளுக்கு ஒரு நாளும் எழுத நேர்ந்ததில்லை. கணவர் போன பிறகு, யாரிடமாவது போய்ச் சற்று உட்கார வேண்டும் போலிருந்தபோது, அந்தப் பெயர்தான் நினைவுக்கு வந்தது. அப்படித்தான் கிளாஸ் லீடர் கடைசி பெஞ்சுக்குச் சிஷ்யை ஆனாள்.

அன்று காலை அவள் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தபோது குருவின் வலது கையில் மாவுக்கட்டு. கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாளாம். பக்கத்துத் தோப்பிலிருந்து யாரோ தூக்குவாளியில் கஞ்சி கொடுத்துவிட்டிருந்தார்கள். குரு இடது கையால் கரண்டி பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். பாதி வாய்க்குப் போனது, பாதி மடிக்கு.

"இப்படிக் குடு," என்று கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள் திலகவதி. "பாக்கச் சகிக்கல."

ஒரு கரண்டி அள்ளி, ஊதி, உதட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு குருவின் வாயில் வைத்தாள்.

"ஆப்பிரிக்கா போறேன், அமலி."

"மகன்கிட்டயா?"

"வேற எதுக்கு? சிங்கம் பாக்கவா?"

மகன் யுகேந்திரன் மேற்கு ஆப்பிரிக்காவில், பெனின் நாட்டில், சவலூ என்ற ஊரில் இருந்தான். பண்ருட்டி ஃபேக்டரிகள் உடைக்கிற முந்திரிக்கொட்டையில் பாதி கப்பலில்தானே வருகிறது. அங்கேயே இருந்து தோட்டம் தோட்டமாகப் போய்க் கொட்டை வாங்கி அனுப்புவது அவன் தொழில். போனவன் அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். பெயர் செனாமி. அதற்குப் பிறகு அவன் ஊர்ப்பக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், சீசன், வேலை ஜாஸ்தி என்று திலகவதி சொல்வாள்.

"எப்போ போறே?"

"ஜனவரியில. மழை கிடையாது, சேறு கிடையாது, கொசு கம்மி. மழைக்காலத்துல அந்தப் பக்கம் பாதி ரோடு ஆத்தோட போயிடுமாம். எல்லாம் படிச்சு வெச்சிருக்கேன். மஞ்சள் காய்ச்சல் ஊசிகூட சென்னைக்குப் போய்ப் போட்டுக்கிட்டு வந்தாச்சு."

"வெயில்?"

"வெயில் நமக்கென்ன புதுசா? காத்துதான் வேற மாதிரி. ஹர்மத்தான்னு பேரு. பாலைவனத்துலேருந்து தூசியை அள்ளிக்கிட்டு வருமாம். சூரியன் நிலா மாதிரி வெளுத்துப்போய் நிக்குமாம்."

குரு வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "பகல்லயா?"

"பகல்லதான். வாயை மூடு, ஈ போயிடும்."

"முந்திரி மரம்? நம்ம மரம் மாதிரியே இருக்குமா?"

"அவன் போட்டோ அனுப்பினான். நம்ம மரமேதான். அது பாட்டுக்குக் கோணிக்கிட்டு நிக்குது. பழத்தைத்தான் அவங்க நம்மள மாதிரி வீணாக்கறதில்லையாம். கடிச்சுத் துப்பாம முழுசாத் திங்கறாங்களாம். தொண்டை கரகரக்காதான்னு கேட்டேன். பழகிடும்கறான்." திலகவதி மறுபடி ஊதினாள், உதட்டில் வைத்துப் பார்த்தாள், ஊட்டினாள். "அந்தக் காத்து அடிச்சா உதடு வெடிச்சிடுமாம். மூக்கெல்லாம் காஞ்சு, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குமாம்."

"அப்போ தண்ணி நிறையக் குடிக்கணும்."

திலகவதியின் கை நின்றது.

"அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன்."

கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு வீட்டுல ஒரு வழக்கம். வாசல்ல யார் வந்து நின்னாலும் முதல்ல தண்ணி. குடிச்சு முடிக்கற வரைக்கும் நீ யாரு, எதுக்கு வந்தே, ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம்."

"நல்லா இருக்கே."

"நானும் அதைத்தான் சொன்னேன். நாமளும் தண்ணிதானே குடுக்கறோம்! ஆனா கேளு. குடுக்கறவ முதல்ல தான் ஒரு வாய் குடிப்பாளாம். குடிச்சிட்டு, அதே சுரைக்குடுவையை நம்ம கையில குடுப்பாளாம்."

"ஏனாம்?"

"விஷம் இல்லைன்னு காட்டறதுக்காம். அந்தக் காலத்து வழக்கமாம். சம்பந்தி வீட்டு வாசல்ல எடுத்த எடுப்புல பேச்சைப் பாரு!"

குரு சிரித்தாள். மோவாயில் கஞ்சி ஒட்டியிருந்தது. திலகவதி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"சிரிக்காதே. எச்சில், அமலி. என்னைப் பெத்த அப்பா டம்ளர்லகூட நான் வாய் வெச்சவ இல்ல. கான்வென்ட்ல பைப்புத் தண்ணியைக்கூடக் கையில ஏந்தி அண்ணாந்துதான் குடிச்சேன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும். யூனிஃபார்ம் பூரா நனைஞ்சிருக்கும்."

"நனைஞ்சா என்ன? எச்சில் இல்ல."

குரு வாயைத் திறந்து காட்டினாள். திலகவதி தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு கரண்டியால் துழாவினாள்.

"தண்ணி கொதிக்க வெச்சு ஆற வெச்சதுதான்மா, பயப்படாதேங்கறான். கொதிக்க வெச்சா எச்சில் போயிடுமா? கொதிச்சப்புறம்தானே அவ வாயை வைக்கறா!"

"விரதம்னு சொல்லிப் பாக்கறது."

"சொன்னேன். அவங்க விரதத்துல தண்ணி உண்டாம். சரி, உதட்டுல வெச்ச மாதிரி வெச்சுட்டுக் கீழே வெச்சுடறேன்னேன். அம்மா, அவ கண்ணு உன் தொண்டையிலதான் இருக்கும்னு சொல்றான். பெத்த தாயைத் தொண்டையைப் பாத்து நம்பற வீடு!"

"குடிக்காட்டி?"

தோப்பில் ஒரு முந்திரிப் பழம் விழுந்த சத்தம் கேட்டது.

"குடிக்க முடியாதுன்னா சவலூவுக்கு வராதேங்கறான். விமானம் இறங்கற ஊர்லயே ஓட்டல் போட்டுத் தர்றானாம். வந்து என்னைப் பாத்துட்டுப் போவானாம். அவளைக் கூட்டிக்கிட்டு வர மாட்டானாம்."

"அவ்வளவு கோபமா?"

"கோபமா இருந்தாத்தான் பரவாயில்லையே. கத்தினா நானும் கத்திட்டுப் போயிடுவேன். அமைதியாச் சொல்றான். ஒரு தடவை அவ நீட்டினதை நீ வாங்கலை, இன்னொரு தடவை அவளை அப்படி நிக்க வைக்க என்னால முடியாதும்மாங்கறான்."

"என்ன நீட்டினா?"

"போனை." திலகவதி கஞ்சியைத் துழாவிக்கொண்டே இருந்தாள். "கல்யாணத்தன்னிக்கு அவன் போன் போட்டு அவகிட்டக் குடுத்தான். ஒரே ஒரு வார்த்தை கத்துக்கிட்டு வந்திருக்கா. அத்தைன்னு கூப்பிட்டா."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. வெச்சுட்டேன்."

குரு ஒன்றும் சொல்லவில்லை. பலகையில் பெயர் வராத ஆள் ஆயிற்றே.

"அவ குரல் எப்படியிருந்துச்சுன்னு இப்போ யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், நினைவுக்கு வரமாட்டேங்குது," என்றாள் திலகவதி. "போட்டோவுல முகம் இருக்கு. நெத்தி அகலம். சிரிச்சா ஒரு கன்னத்துல மட்டும் குழி. குரல்தான் போயிடுச்சு. அதைக் கேக்கறதுக்காவது போகணும். போனா அந்த வாசல்ல குடுவையோட நிப்பா."

"ஒரு வாய்ன்னியே. எவ்வளவு குடிப்பா? ஒரு மொடக்கா, உதட்டளவா?"

"எனக்கென்ன தெரியும்? நான் அளந்தா பாத்தேன்?"

"தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"நல்லா இருக்கு உன் ஞானம்! ஒரு சொட்டுன்னாலும் எச்சில் எச்சில்தான்."

"அது சரி," என்றாள் குரு. "கஞ்சி ஆறுது."

"ஆறல. கொதிக்குது. சும்மா இரு."

திலகவதிக்குப் பொறுமை போய்விட்டது. இவளிடம் கேட்டதற்கு அந்த ஆட்டோக்காரனிடம் கேட்டிருந்தால் போகிற வழியிலேயே ஒரு பதில் சொல்லியிருப்பான். இவளோ, மாவுக்கட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டு, பசித்த பிள்ளை மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நேராக் கேக்கறேன், நேரா ஒரு பதில் சொல்லு. கதை கிதை சொன்னே, கிண்ணத்தை வெச்சுட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். டிக்கெட் போடணும். அவன் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கான்." கரண்டியில் அள்ளினாள். இரண்டு முறை ஊதினாள். உதட்டில் வைத்துக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்தாள். இன்னும் சுட்டது. மறுபடி ஊதினாள், மறுபடி உறிஞ்சிப் பார்த்தாள். இப்போது சரியாக இருந்தது. குருவின் வாய்க்கு நேராக நீட்டினாள். "இன்னொருத்தி வாய் வெச்சுக் குடுக்கறதை முகம் சுளிக்காம எப்படிடி குடிக்கறது?"

குரு குடித்தாள். நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"சூடு பதமா இருக்கு," என்றாள். "இன்னொரு வாய் குடு."

"நான் கேட்டதுக்கு இதுவா பதில்?"

குரு வாயைத் திறந்தாள்.

திலகவதி பல்லைக் கடித்துக்கொண்டு அள்ளினாள். ஊதினாள். கை தன் பாட்டுக்குக் கரண்டியை உதட்டருகே கொண்டுவந்தது.

அங்கேயே நின்றுவிட்டது.

கரண்டியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். குருவைப் பார்த்தாள். மறுபடி கரண்டியைப் பார்த்தாள்.

"பாத்துட்டுக் குடுடி," என்றாள் குரு. "எனக்குச் சுடும்."