குருதிவாயனைப் பார்க்க வயசு போதுமா?

செவ்வல்லூர் மகாராஜா புலிமர்த்தன பூபதி புலியை நேரில் பார்த்தவரல்ல. அந்தப் பட்டம் அவருடைய தாத்தா காலத்தது. கிரீடத்தோடு சேர்ந்து வந்தது. ஆனாலும் தினமும் சபையில் அதைக் கூவக் கூவ, தாம் நிஜமாகவே ஒரு புலியைக் கொன்றிருக்கிறோம் என்று அவருக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சபையில் உட்கார்ந்திருந்தார். எதிரி யாரும் படையெடுத்து வரவில்லை. ஊருக்குக் கூத்து வந்திருந்தது. குருதிவாயன் என்ற அசுரனின் கூத்து. கேட்டாலே குலைநடுங்கும் என்று பேச்சு. அதைப் பார்த்தே தீருவேன் என்று பதின்மூன்று வயது இளவரசி செண்பகவல்லி சாப்பிடாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து ஊரில் அதைப் பார்த்தவர்களுக்குக் காய்ச்சல் கண்டதாம்" என்றார் ராஜவைத்தியர்.

"அப்போ வேண்டாம் என்கிறீரா?"

"வேண்டாம் என்று மகாராஜா நினைத்தால், வேண்டாம்."

"பயம் தெரியாமல் வளரவேண்டிய பிள்ளை. பார்க்கட்டும்" என்று ஆரம்பித்த தளபதி, ராஜாவின் முகத்தைப் பார்த்ததும், "இரண்டு வருஷம் கழித்து" என்று முடித்துக்கொண்டார்.

ராஜா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அந்தக் கோரைப்பல் எவ்வளவு நீளம் இருக்கும்? அவன் சொல்லிவிட்டு வருவானா, சட்டென்று வந்து நிற்பானா? ரத்தம் ஏதும் நம் மேல் தெறிக்குமா?"

ஓரமாக உட்கார்ந்திருந்த அரண்மனை விகடர் வெள்ளியம்பலத்துக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மகளுக்காகக் கவலைப்படுகிற தகப்பன் 'நம் மேல்' என்று ஏன் சொல்கிறார்?

தூணோரம் நின்றிருந்த செண்பகவல்லி அவரைப் பார்த்தாள். "விகடரே, நீங்களாவது சொல்லுங்களேன்."

வெள்ளியம்பலம் எழுந்தார். "தாராளமாகப் பார்க்கலாம், மகாராஜா. இளவரசி பயப்படமாட்டாங்க."

"அப்படியா? ஆனால் கூத்தில் ஒரு வரி வெட்டக்கூடாது, ஒரு பல் குறைக்கக்கூடாது. அவள் அலறினால் நீர் இந்த ஊரை விட்டே போய்விட வேண்டும். சம்மதமா?"

விகடர் தலையைத் தடவிக்கொண்டார். இந்த ஒரு ராஜாவைச் சிரிக்கவைப்பதற்குள்ளேயே தலை நரைத்துவிட்டது. இனி இன்னொருவரை எங்கே போய்த் தேடுவது? ஆனால் பெண்ணின் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சம்மதம். எனக்குத் தண்டனை சொல்லிவிட்டீர்கள். அலறுகிறவருக்கு?"

ராஜா உற்சாகமாகிவிட்டார். "அலறுகிறவர் யாராக இருந்தாலும் சரி, அந்த நிமிஷமே எழுந்துபோய், மகாராணி கையால் பால் வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துவிட வேண்டும். ஒரு வருஷத்துக்குக் கூத்தே கிடையாது!"

சபை கைதட்டியது. வெள்ளியம்பலம் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

மத்தியானம் அவர் இளவரசியைக் கூத்தர்கள் வேஷம் கட்டும் கொட்டகைக்கு அழைத்துப்போனார். குருதிவாயன் கால் நீட்டி உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். பெயர் ஏகாம்பரம்.

"பல்லைக் கட்டிட்டா விடியற வரைக்கும் ஒண்ணும் குடிக்க முடியாது தாயி" என்றான். "அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

பிடித்தாள். முகத்தில் வெள்ளை ஏறியது, அப்புறம் சிவப்பு, அப்புறம் கண்ணைச் சுற்றிக் கறுப்பு. நடுவில் அசுரன் நாலு தும்மல் போட்டான். நெட்டியில் செதுக்கிய கோரைப்பல்லை அவளே எடுத்துக் கொடுத்தாள், எடையே இல்லை. அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்து ஒரு பல்லி அவன் மடியில் விழ, குருதிவாயன் "ஐயோ அம்மா!" என்று துள்ளி எழுந்து பெஞ்சின் மேல் ஏறிவிட்டான். செண்பகவல்லிதான் அதை விரட்டினாள்.

பொழுது சாய்ந்ததும் கூத்து தொடங்கியது. முன்வரிசை நடுவில் ராஜா. ஒரு பக்கம் இளவரசி, மறுபக்கம் தளபதி. இரண்டு பேர் திரையைப் பிடித்து நின்றார்கள். மத்தளம் அதிர்ந்தது. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் மெல்ல எழுந்தது. பந்தத்திலிருந்து குப்பென்று தீ பறந்தது. திரை விலகியது.

"அம்மாடீ...!"

ஊரே கேட்ட அலறல். அடங்கியபோது ராஜா தளபதியின் மடியில் இருந்தார். சபையோர் அத்தனை பேரும் பந்தலை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

ராஜா மெதுவாக இறங்கி, கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். "செண்பகவல்லி! பார்த்தாயா, பயந்துவிட்டாய்! நான் அப்போதே சொன்னேன்."

"நானா? நான் வாயே திறக்கலையே, அப்பா!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இளவரசியின் குரல்தான்" என்றார் வைத்தியர். "சந்தேகமே இல்லை" என்றார் தளபதி, மடியைத் தடவிக்கொண்டே.

வெள்ளியம்பலம் கணக்குப் போட்டுப் பார்த்தார். ராஜாதான் என்றால் தலை போகும். பேசாமல் இருந்தால் ஊர் போகும். அந்தப் பெண் செய்யாத தப்புக்கு அழும். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், மகாராஜா" என்றார் பணிவாக. "எனக்குத்தான் காது கொஞ்சம் மந்தம். ஏகாம்பரம், திரைக்குப் பின்னால் போய் இன்னொரு தடவை அதே மாதிரி வாப்பா. குரல் எங்கிருந்து வருகிறது என்று நானும் கேட்டுக்கொள்கிறேன்."

மத்தளம் அதிர்ந்தது. கிரீடத்தின் நுனி மெல்ல எழுந்தது.

"நிறுத்து! நான்தான்! நான்தான்!" என்று கத்தினார் புலிமர்த்தன பூபதி. கத்திவிட்டு, தன் கத்தலைத் தானே கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம்தான் சபைக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது. தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து விகடருக்குப் போர்த்திவிட்டு, "சரி, கூத்து நடக்கட்டும்" என்று உட்காரப்போனார்.

வெள்ளியம்பலம் நகரவில்லை. "யாராக இருந்தாலும் சரி என்று சொன்னீர்களே, மகாராஜா."

அதற்குள் மகாராணி பாலோடு வந்து நின்றாள்.

ராஜா குவளையை வாங்கிக்கொண்டு, நாலடி போய், திரும்பிப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார். "கடைசியில் அவன் செத்துப்போவான்தானே?"

"நீங்க போய்த் தூங்குங்கப்பா" என்றாள் செண்பகவல்லி. "மீதிக் கதையை நான் காலையில சொல்றேன். பயமா இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுட்டுச் சொல்றேன்."