இரண்டு கதவுகளுக்கு நடுவே

உள்கதவின் கொக்கியைச் செங்கமலம் மாட்டாமல் விட்டுவிட்டாள். தப்பு அவ்வளவுதான். அந்த இடத்தில் அது போதும்.

இடம், மலையடிவாரத்தில் ஒரு குரங்கு மறுவாழ்வு மையம். வித்தைக்காரர்களிடமிருந்து மீட்ட குரங்குகளைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பப் பழக்குகிறார்கள். பெரிய கம்பிக்கூண்டு. நுழைய இரண்டு கதவுகள், நடுவே ஒரு ஆள் நிற்கும் சந்து. முட்டித் தள்ளிக்கொண்டு குரங்கு வெளியே வந்துவிடாதபடி இரண்டும் உள்பக்கமாகத்தான் திறக்கும். வெளிக்கதவின் இரும்புத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு வெளியே இன்னொருவர் நிற்க வேண்டும். உள்கொக்கி விழுந்த பிறகே திறக்கலாம். சாப்பாடு போடுவது எதிர்க்கோடியில், ஒரு தகரக் குழாய் வழியாக. மனிதக் கையைக் குரங்குகள் பார்க்கக்கூடாதாம். கூட்டத்துக்குத் தலைவனான ஆண் குரங்கு, தலைக் கடுவன், தின்ற பிறகுதான் மற்றவை வாய் வைக்கும்.

அன்று தாழ்ப்பாளைப் பிடித்திருந்தவன் செங்கமலத்தின் புருஷன் நாச்சிமுத்து. அவள் கூட்டிவிட்டுச் சந்துக்குள் வந்தாள். ஒரு கையில் வாளி, இன்னொன்றில் துடைப்பம். கதவைக் காலால் இழுத்துச் சாத்தினாள். கொக்கி மாட்ட வாளியைக் கீழே வைப்பதற்குள் கடுவன் கதவைப் பிடித்து இழுத்துத் திறந்துவிட்டது. நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டது.

முதுகு வெளிக்கதவில் ஒட்ட நின்றாள். கடுவனின் கழுத்தில் பழைய சங்கிலியின் தழும்பு. இரும்பு உரசும் சத்தம் கேட்டாலே அதற்கு வெறி பிடிக்கும், எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்து கோரைப்பல்லைக் காட்டியது. விரல் நீளப் பல். போன மாதம் அது கடித்து ஒருவருடைய கை எலும்பு வரை கிழிந்தபோது அவள்தான் துணி வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். இப்போது வாளியின் பிடி சத்தம் போடாதபடி அதை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"மாமா, தெறந்துடுங்க."

நாச்சிமுத்துவின் கை தாழ்ப்பாளில் இருந்தது. எதிரே பால்வாடி, பிள்ளைகள் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், உள்கதவு திறந்து கிடந்தால் நானே கதறினாலும் திறக்கக்கூடாது என்று. அவன் திறக்கவில்லை. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

சமையல்கட்டில் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த ஆரோக்கியம் கடப்பாரையோடு ஓடி வந்தார்.

"பொண்டாட்டிய விடத் தாழ்ப்பா பெருசாய்யா உனக்கு? நகரு, நான் நெம்பறேன்."

புதிதாக வந்த டாக்டர் நஸ்ரீனும் ஓடி வந்தாள். கடுவனைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. சட்டென்று திரும்பி, வந்த வழியே ஓட்டம் பிடித்தாள்.

"போகுது பாரு, நம்ம டாக்டரம்மா," என்றார் ஆரோக்கியம்.

செங்கமலம் அதையும் கேட்டாள். கண்ணை மூடினால் பாயும், நேராகப் பார்த்தாலும் பாயும். அதன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த விரல்கள் ஒரு சாண் முன்னால் வந்தன.

ஒருவன் சொன்ன சொல்லைக் காத்தான். ஒருவர் உயிரே பெரிதென்று கடப்பாரையைத் தூக்கினார். ஒருத்தி ஓடிப்போனாள். இம்மூவரில் அவளை உயிரோடு மீட்டது யார்?

விடை: நாச்சிமுத்து கையை எடுக்காததால் கடப்பாரை தாழ்ப்பாளில் படவில்லை; உரசியிருந்தால் கடுவன் அக்கணமே பாய்ந்திருக்கும். உள்பக்கம் திறக்கும் கதவு அவளை அதன் மேலேயே தள்ளியும் விட்டிருக்கும். ஆகவே ஆரோக்கியம் தப்பு. நாச்சிமுத்து திறக்காதது சரி. ஆனால் அவன் காலமெல்லாம் பிடித்துக்கொண்டு நின்றாலும் கடுவன் நகராது. கடுவனுக்குத் தேவை வெளியே போக வழியல்ல, உள்ளே திரும்பக் காரணம். எதிர்க்கோடியில் தகரக் குழாய் தடதடத்தது, ஆரோக்கியம் சமையல்கட்டில் நறுக்கிப் போட்டுவிட்டு வந்த கிழங்குத் துண்டுகள் கொட்டின. குட்டிகள் பாய்ந்தன. தனக்கு முன்னால் இன்னொன்று வாய் வைப்பதை எந்தத் தலைவன் பொறுப்பான்? கடுவன் திரும்பி ஓடியது. செங்கமலம் கதவை இழுத்துக் கொக்கியை மாட்டினாள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். குழாயடியில் காலிக் கூடையோடு நின்றவள் டாக்டர் நஸ்ரீன்.