ஆலா கடல் தாண்டிய வழி

அந்தக் காலத்தில் பறவைகளுக்கு வாய்ப்பேச்சு இருந்தது. ஆனால் கரையை விட்டுத் தூரமாகப் பறக்க எதற்கும் தைரியம் இல்லை. உயரத்திலிருந்து பார்த்து, உலகம் உருண்டை என்று கண்டுகொண்ட கழுகுதான் எல்லாரையும் பயமுறுத்தி வைத்திருந்தது. "நேராகவே போனால் பூமி கீழே வளைந்து போய்விடும். நீங்கள் வெட்டவெளிக்குப் போய்விடுவீர்கள்" என்று சொல்லும்.

ஒருநாள் புயல் அடித்து, ஆலா என்ற சின்னக் கடற்பறவையை இந்தக் கரையில் கொண்டுவந்து போட்டது. அவள் குஞ்சு கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் தனியாகக் கிடந்தது. அதற்கு இறகுகூட முளைக்கவில்லை.

"நான் போயாகணும் கழுகண்ணே. இரை கொடுக்க வேற யாரும் இல்லே."

"போயேன். அப்பப்போ மூக்கைக் கீழே சாய்ச்சுக்கிட்டே போ. இல்லேன்னா வானத்திலதான் குடித்தனம்!"

நாரைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கழுகே போகாத தூரம். இந்த மட்டமான பறவை போகப் போகுதாம்!"

"மட்டம்தான் நாரையக்கா. மட்டமாவே பறந்து காட்டறேன்" என்று சொல்லி, வாயில் ஒரு மீனைக் கவ்விக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கரை மறைந்ததும் பயம் வந்தது. கழுகு சொன்னபடி மூக்கைச் சாய்த்தாள். விர்ரென்று இறங்கியதில் அலை வயிற்றில் பட்டது. பதறிப்போய் மேலே ஏறினாள். ஏற ஏறக் காற்று மெலிந்து, சிறகுக்குப் பிடிப்பே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில், இடுப்பில் பிள்ளையைத் தாங்குகிற மாதிரி காற்று அவளைத் தாங்கியது. பூமி இழுத்த அளவுக்குக் காற்று தாங்கியது. காற்றின் அந்தக் கனத்தை மார்பால் கண்டுகொண்டாள். காற்று மெலிந்தால் கொஞ்சம் இறங்கினாள், கனத்தால் கொஞ்சம் ஏறினாள். அதற்குமேல் மூக்கைச் சாய்க்கவே இல்லை. பூமி வளைந்த இடத்தில் அதைப் போர்த்தியிருந்த காற்றும் வளைந்தது. அவளும் தனக்கே தெரியாமல் கூடவே வளைந்து போனாள்.

தீவு தெரிந்தது. குஞ்சு உயிரோடு கத்திக்கொண்டிருந்தது. மீனை ஊட்டிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

இறகு முளைத்ததும் குஞ்சையும் கூட்டிக்கொண்டு இந்தக் கரைக்கே வந்து இறங்கினாள்.

"எப்படிம்மா வந்தே?" என்று கழுகு கேட்டது.

"பூமி எங்கே வளைஞ்சாலும் காத்து கூடவே வளையுது அண்ணே. நான் காத்தை விடலே, அவ்வளவுதான்."

அன்று முதல்தான் பறவைகள் கடல் தாண்டிப் போகின்றன. பிறகு வந்த விமானமும் அதே மாதிரி காற்றின் கனத்தைப் பார்த்துப் பார்த்து, எங்கேயும் தலைகுனியாமல் இந்த உருண்டை உலகத்தைச் சுற்றி வருகிறது.