கடைசி அறைக்கு வெந்நீர்

கோத்தகிரி மலையில் ஒரு மடம். முன்னொரு காலத்தில் தேயிலைத் தோட்டத்து முதலாளி கட்டிய பங்களா. சமையலறையில் காப்பியை வாங்கிக்கொண்டு கடைசி அறைக்கு நடந்தால், போய்ச் சேர்வதற்குள் அது ஆறிப்போகும். அத்தனை நீளம்!

அந்தக் கடைசி அறையில்தான் குரு வடிவம்மை இருந்தார். மடத்துத் தலைமைக்கு அடுப்பிலிருந்து எட்ட இருக்கும் அறை என்பது அங்கே வழக்கம். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் தில்லைநாயகத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. கோயம்புத்தூர் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். கையில் ஸ்பேனர் இருந்தால் எமனையும் வாசலில் காத்திருக்கச் சொல்லுவார்.

ஊற்றை நம்பிப் பிழைக்கிற மடம் அது. ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர். சூடு வரட்டும் என்று குழாயைத் திறந்து தரையில் ஓடவிடுகிற பேச்சே கிடையாது. முதல் சொட்டும் வாளிக்குள்தான் விழவேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் குரு சொன்னார்: "சமையக்கட்டு பாய்லர் வெந்நீர் என் அறைக்கு வந்து சேர்றதுக்குள்ள பூசை மணி அடிச்சிடுது, நாயகம் ஐயா."

"விடுங்கம்மா. இதெல்லாம் ஒரு வேலையா?"

இருந்த துருப்பிடித்த ஒல்லிக் குழாயைப் பிடுங்கி எறிந்தார். மணிக்கட்டுப் பருமனுக்குப் புதுக்குழாய் வாங்கிவந்து, பாய்லரிலிருந்து ஒவ்வொரு அறையாகச் சுற்றிக் கடைசி அறைவரை பதித்தார். பெரிய குழாய், நிறையத் தண்ணீர், சீக்கிரம் வரும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பாய்லருக்குப் பக்கத்து அறைக்காரர்கள் கொண்டாடினார்கள். "ஐயா, அருவியாட்டம் கொட்டுது! கை சுடுது!" தில்லைநாயகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வருகிற விருந்தாளியை எல்லாம் முதலில் குழாயைப் பார்க்கக் கூட்டிப்போனார். சாமி கும்பிடுவது அப்புறம்தான்.

ஊரே புகழ்ந்து என்ன, அந்த ஒரு வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லையே! அதற்காகத்தானே மனுஷர் ஏங்கிக் கிடந்தார்.

"அம்மா, குழாயைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்ல பெரிய குழாய்."

"அவ்வளவுதானா?"

"பளபளன்னும் இருக்கு."

மழை விட்டுப் பனி இறங்கியது. ஒரு விடியற்காலையில் அவருக்குப் பொறுக்கவில்லை. துணிப்பையைக் கட்டி எடுத்துக்கொண்டு குருவின் அறை வாசலில் வந்து நின்றார்.

"இத்தனை வருஷமா உங்க காலடியில கிடக்கேன். ஒரு நல்ல வார்த்தைக்கு நான் லாயக்கில்லையா? இல்லேன்னா சொல்லிடுங்கம்மா, முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிடறேன்."

வடிவம்மை உள்ளே போய்த் தம்முடைய வாளியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"என் குளியலறையில ஒரு வாளி பிடிச்சுக் குளிச்சுட்டு வாங்க. அப்புறம் பஸ்ஸைப் பத்திப் பேசலாம்."

தில்லைநாயகம் குழாயைத் திறந்தார். தண்ணீர் விழுந்தது. விரலை வைத்தார், பனிக்கட்டி. பாதி வாளி ஆயிற்று, அதே பனிக்கட்டி. வாளி தளும்பியும் விரலுக்குச் சூடு தட்டவில்லை. ஒரு வாளிதான் கணக்கு. குழாயை மூடினார். மடத்து விதியை அவர் எப்படி மீறுவார்?

முதல் சொம்பை ஊற்றிக்கொண்டதும், "சிவ சிவா!" என்று அலறிவிட்டார்.

இரண்டாவது சொம்பில் ஃபிட்டருக்கு விளங்கிவிட்டது. ராத்திரி முழுக்க அந்தப் பெரிய குழாயின் நீளத்துக்கும் பச்சைத் தண்ணீர் நின்று கிடக்கிறது. அது அத்தனையும் வெளியேறினால்தான் பின்னால் வெந்நீர் வரும். குழாய் பெருத்தால் நிற்கிற தண்ணீரும் பெருகும். பழைய ஒல்லிக் குழாயிலாவது கால் வாளி ஆனதும் சூடு வந்திருக்கும்.

பற்கள் தந்தியடிக்க வெளியே வந்தார்.

"இத்தனை நாளும் இதிலயா குளிச்சீங்க?"

"ஆமா."

"இந்தப் பனியிலயா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"நீங்க கேட்கவே இல்லையே."

தில்லைநாயகம் பையை அங்கேயே போட்டுவிட்டு ஸ்பேனரை எடுக்கப் போனார்.

பாய்லரிலிருந்து கடைசி அறைக்கென்று தனியாக ஒரு குழாய் போட்டார். விரல் பருமன்தான். எந்த அறையையும் சுற்றாமல் கூரையடியில் நேர்க்கோடாகக் கொண்டுபோனார். சூடு தங்கட்டும் என்று பழைய கம்பளியைக் கிழித்து நீளத்துக்கும் சுற்றினார். பார்க்கச் சகிக்கவில்லை.

"என்ன ஐயா இது? நமக்கெல்லாம் அருவி, அம்மாவுக்குப் போய் இந்த ஈர்க்குச்சியா?" என்று பக்கத்து அறைக்காரர்கள் சிரித்தார்கள்.

முந்தைய தில்லைநாயகமாக இருந்தால் ஒரு கச்சேரியே நடந்திருக்கும். "நகருங்கப்பா, ஏணி விழுந்திடப்போவுது" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை குருவின் அறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உள்ளே வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நின்றது. சற்று நேரத்தில் கதவு திறந்தது. வடிவம்மையின் ஈரக் கூந்தலிலிருந்து ஆவி பறந்தது.

"அம்மா, சூடு போதுமா?"

வடிவம்மை அவரையே பார்த்தார்.

"உங்களை என் சீடர்னு சொல்லிக்க எனக்குப் பெருமையா இருக்கு, ஐயா."

தில்லைநாயகம் தவித்துப்போனார். "அது இருக்கட்டும்மா. நான் தண்ணியைப் பத்தியில்ல கேட்டேன்?"

"அதுக்குத்தான் பதில் சொன்னேன்."