மாசி வந்தும் திறக்காத பானைகள்

கேளுங்கள். சின்னவர்களும் கேளுங்கள், பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து கேளுங்கள். இந்தக் கதை பெரியவர்களுக்குத்தான் அதிகம் உறைக்க வேண்டும்.

வெகு காலத்துக்கு முன்னே மலைநாட்டை நெடுங்குடையான் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். அவன் நாட்டில் கடம்பஞ்சாரல் என்றோர் ஊர். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் தேன்பானை இருக்கும். மண்பானையைப் படுக்கவைத்து, வாயை ஓட்டுமூடியால் அடைத்து, தேனீ போய்வர விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டிருப்பார்கள். கறவை மாட்டை வளர்ப்பதுபோல அவர்கள் தேனீயை வளர்த்தார்கள்.

ஐப்பசி மழை தொடங்குமுன் மூடியின் விளிம்பில் சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசிவிடுவார்கள். மழையும் பனியும் முடிகிறவரை தேனீ உள்ளே இருக்கும் தேனை உண்டு உயிர் பிடித்திருக்கும். மாசியில் வெயில் உறைக்கத் தொடங்கியதும், நல்ல உச்சிப்பொழுதாகப் பார்த்து மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். தேன் தீர்ந்திருந்தால் கருப்பட்டிப் பாகு வைக்க வேண்டும். அடையில் மெழுகுப்புழு விழுந்திருந்தால் அந்த அடையை அறுத்தெறிய வேண்டும். எறும்பு ஏறியிருந்தால் விரட்ட வேண்டும். மாசியில் பார்க்காத பானை பங்குனியில் இருக்காது. கடம்பஞ்சாரலில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

ஒருமுறை நெடுங்குடையான் அந்த வழியாக வந்தான். ஊரார் மரியாதைக்காக ஒரு பானையின் மூடியை அவன் கையால் திறக்கச் செய்தார்கள். உள்ளிருந்து பொன்னிறமாக அடை தெரிந்தது. எல்லோரும் வாழ்த்தினார்கள். வாழ்த்து அரசனுக்குத் தேனைவிட இனித்தது. அரண்மனை திரும்பியதும் ஆணை போட்டான். இனி ஆண்டுதோறும் கடம்பஞ்சாரலின் முதல் மூடியை அரசன்தான் திறப்பான். அதற்குமுன் திறக்கிற கைக்குச் சூட்டுக்கோல். திறந்தவருக்கு ஊரில் இடமில்லை.

இரண்டு ஆண்டுகள் அரசன் நேரத்துக்கு வந்தான். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாம் ஆண்டு மாசி பிறந்தது, அரசன் வரவில்லை.

ஊரில் எயினி என்றொரு பெண் இருந்தாள். கணவனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள். கொல்லையில் மூன்று பானை வைத்திருந்தாள். ஒருநாள் காலையில் பானையின் முதுகில் விரலால் தட்டினாள். நலமாக இருக்கும் பானை தட்டியதும் ஒரே மூச்சில் உறுமி அடங்கும். அன்று உறுமல் வரவில்லை. சருகை இழுப்பதுபோல நீளமாக ஒரு சரசரப்பு வந்தது. அது பசியின் ஓசை.

எயினி ஊர்த்தலைவன் பெருந்தேவனிடம் போனாள். பானைகளைத் திறக்கும் நாள் வந்துவிட்டது என்றாள். அரசர் வேட்டைக்குப் போயிருக்கிறார், வந்ததும் வருவார் என்றான் பெருந்தேவன்.

சில நாள் கழித்து மறுபடி போனாள். பானைக்கு வெளியே செத்த தேனீ விழுந்து கிடக்கிறது என்றாள். அரசர் திரும்பிவிட்டார், நல்ல நாள் பார்க்கிறார்கள் என்றான்.

மூன்றாம் முறையும் போனாள். ஒரு பானையில் சரசரப்பும் நின்றுவிட்டது என்றாள். அரசரின் பல்லக்குக்குப் புதுத் திரை தைக்கிறார்கள், பொறுத்துக்கொள் என்றான் பெருந்தேவன். சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய கொல்லையிலும் பானைகள் இருந்தன. அவனும் தட்டிப் பார்த்திருந்தான்.

தட்டிப் பார்க்காதவர் அந்த ஊரில் யார்? ஒவ்வொரு வீட்டிலும் காதை வைத்துக் கேட்டார்கள். கேட்டுவிட்டு முகம் கழுவிச் சோறு உண்டார்கள். இன்னும் கொஞ்ச நாள்தானே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வெளியே மாமரம் பூத்துவிட்டது, முருங்கை பூத்துவிட்டது. பூவுக்குப் பறக்கத் தெம்பில்லாமல் உள்ளே தேனீ செத்துக்கொண்டிருந்தது. மூடிக்கும் கைக்கும் இடையே ஒரு பூச்சு மண்தான் இருந்தது.

மூன்றாம் முறை போய்வந்த அன்றே நடுப்பகலில் எயினி தன் கொல்லைக்குப் போனாள். ஒளிந்து மறைந்து செய்யவில்லை. வேலிக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டு உலகன் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவன் பார்க்கவே பூச்சை உடைத்தாள், மூடியை எடுத்தாள்.

முதல் பானையில் ஓர் உயிர் இல்லை. காலியான அடையறைக்குள் தலையை நுழைத்தபடியே தேனீக்கள் செத்திருந்தன. கடைசித் துளி தேடித் தலையை விட்டவை, எடுக்கவில்லை. வால்கள் மட்டும் வரிசையாக வெளியே தெரிந்தன. எயினி அந்த அடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

இரண்டாம் பானையில் உயிர் இருந்தது. புழு பிடித்த அடைகளை அறுத்தெறிந்தாள். ஓரத்து அடையில் வெள்ளை வெள்ளையாய் முட்டை கண்டாள்; ராணித்தேனீ பிழைத்திருந்தது. மூன்றாம் பானை சிறியது. அதில் ஒரு பிடித் தேனீதான் மிச்சம். இரண்டுக்கும் கருப்பட்டிப் பாகு காய்ச்சி, ஆறவைத்து, தேனீ மூழ்காமல் இருக்க வைக்கோல் மிதக்கவிட்டு வைத்தாள்.

பிறகு வேலியருகே போய் உலகனை அழைத்தாள்.

"உலகண்ணே, பாகு மிச்சமிருக்கிறது. உங்கள் பானையையும் திறந்து பாருங்கள். பயமாயிருந்தால் சொல்லுங்கள், நான் வந்து திறக்கிறேன். சூடு எனக்கே விழட்டும்."

உலகன் கோடரியைக் கீழே வைத்தான். வீட்டுக்குள் போனான். அந்த வழியாகவே வாசலுக்குப் போனான். வாசலிலிருந்து நேரே பெருந்தேவன் வீட்டுக்குப் போனான்.

பெருந்தேவன் சொல்லி, அவளைத் தெருவோரப் புங்கமரத்தில் கட்டிவைத்தார்கள். அரசனுக்கு ஆள் போயிற்று. தேனீ சாகிறது என்று சொன்னபோது வராத அரசன், ஆணையை ஒருத்தி மீறினாள் என்றதும் மறுநாளே வந்தான்.

கொம்பு ஊதினார்கள். மாவிலைத் தோரணம் கட்டினார்கள். முதலில் பெருந்தேவனின் பானை. அதற்கு மஞ்சள் பூசி, மாலை சாத்தியிருந்தார்கள். அரசன் மோதிரம் அணிந்த கையால் மூடியைத் திறந்தான். உள்ளிருந்து நூலாம்படையும் கொழுத்த மெழுகுப்புழுக்களும் அவன் மணிக்கட்டில் கொட்டின. கையை உதறினான். இரண்டாம் பானையைத் திறந்தான். அங்கே எறும்புப் புற்று. மூன்றாவதாக உலகன் வீட்டுப் பானையைத் திறந்தான். செத்த தேனீ, கூடை கவிழ்த்ததுபோலத் தரையில் கொட்டியது.

கொம்பு நின்றுவிட்டது. அந்த அமைதியில் வேலிக்கு அந்தப்புறமிருந்து ஓர் உறுமல் கேட்டது. எயினியின் பானை.

அரசனுக்குக் கோபம் வந்தது. தேனீ செத்ததற்காக வந்த கோபமா? இல்லை. இத்தனை பேர் முன்னால் தன் கை வெறும் கை என்று ஆகிவிட்டதே என்ற கோபம். ஆனாலும் அவன் சாமர்த்தியக்காரன். எயினியின் கட்டை அவிழ்க்கச் சொல்லி, அவளைப் பக்கத்தில் அழைத்து மெல்லப் பேசினான். மூடியை மறுபடி பூசிவிடலாம். தானே வந்து திறப்பதாகச் சொன்னான். அரசன் கை பட்டதால் பானை பிழைத்தது என்று அவள் ஊரறியச் சொன்னால் போதும். சூடு இல்லை, பட்டுச்சேலை உண்டு.

எயினி ஊராரைத் திரும்பிப் பார்த்தாள். உண்மை தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. பெருந்தேவன் தரையைப் பார்த்தான். உலகன் மரத்தைப் பார்த்தான். மற்றவர்கள் அரசனைப் பார்த்தார்கள்.

அவள் சொன்னாள்:

"அரசே, இதை நான் திறந்தேன். இந்தக் கையால் திறந்தேன். நீங்கள் திறந்தவை அதோ கொட்டிக் கிடக்கின்றன. வேறு விதமாகச் சொல்ல என் நாக்கு எழாது."

சூட்டுக்கோல் பழுத்து வந்தது. வலது உள்ளங்கையில் வைத்தார்கள். பெரிய பானையை அரசன் அரண்மனைக்கு எடுத்துக்கொண்டான். சிறிய பானையை, இந்தப் பீடையும் அவளோடு தொலையட்டும் என்று அவள் தலையில் ஏற்றி ஊரெல்லைக்கு அப்பால் விரட்டினார்கள். வெந்த கையைத் தொங்கவிட்டு, மறு கையால் பானையைப் பிடித்துக்கொண்டு அவள் மலையேறிப் போனாள். ஒருவரும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை.

உங்களுக்கு அரசன்மேல் கோபம் வருகிறதா? வரட்டும். ஆனால் எல்லாக் கோபத்தையும் அவன்மேலேயே செலவழித்துவிடாதீர்கள். வாசல்களில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஊராருக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

அந்த ஆண்டு கடம்பஞ்சாரலில் பூசணி பூத்தது, காய்க்கவில்லை. பீர்க்கு பூத்தது, பிஞ்சு வெம்பி உதிர்ந்தது. எள் பாதிக்கு மேல் பொக்கு. பூவிலிருந்து பூவுக்குப் போக ஊரில் தேனீ இல்லை. அரண்மனைக்குப் போன பானையைப் பட்டுவிரித்த மண்டபத்தில் வைத்துச் சாளரத்தைச் சாத்தினார்களாம், அதுவும் செத்தது.

மலைக்கு அப்பால் எயினியின் சிறிய பானை பெருகிற்று. ஒரு பானை இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. அடுத்த புரட்டாசிக்குள் பாறையடியில் வரிசையாகப் பானைகள். சேதி ஊருக்கு எட்டியது.

முதலில் உலகன் வந்தான். ஒரு கூட்டம் தேனீ கேட்டான். அவள் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டவில்லை. திட்டவும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"உன் பானை செத்தபோது உனக்குக் கேட்டதா, கேட்கவில்லையா?"

முன்பு அவனை அண்ணே என்றவள். கேட்டது என்றான் உலகன்.

அதை என்னிடம் சொல்லிப் பயனில்லை என்றாள் எயினி. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு வா, தேனீ தருகிறேன் என்றாள்.

உலகன் போய்ச் சொன்னான். எழுந்து நின்று சொன்னான்: எனக்குக் கேட்டது, கேட்டும் திறக்கவில்லை. அவன் சொன்னதும் ஒரு கிழவி எழுந்தாள், எனக்கும் கேட்டது என்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு தச்சன் எழுந்தான். அப்புறம் ஒவ்வொரு வீடாக எழுந்தது. சொன்னவர் எல்லோரும் மலையேறி வந்து தேனீ வாங்கிப் போனார்கள். பெருந்தேவன் மட்டும், என் பானையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றான். அவனுக்குத் தேனீ கிடைக்கவில்லை.

மறுபடி மாசி வந்தது. அரசனின் பறையும் வந்தது: நான் வரும்வரை மூடியைத் தொடாதீர்கள். பறை அடித்தவன் தெருவில் போய்க்கொண்டிருந்தபோதே, உச்சிவெயிலில், கொல்லைக்குக் கொல்லை பூச்சு உடைபடும் ஓசை கேட்டது.

அரசன் சினந்து வந்தான். சூட்டுக்கோலும் நெருப்புச்சட்டியும் கூடவே வந்தன. திறந்த கை எது என்று கேட்டான். உலகன் கையை நீட்டினான். கிழவி நீட்டினாள். தச்சன் நீட்டினான். தெருக்கோடிவரை கை கையாக நீண்டது.

நெடுங்குடையான் கைகளைப் பார்த்தான், தன் காவலர்களைப் பார்த்தான். காவலர்களில் ஒருவனும் அசையவில்லை. கோல் நெருப்புச்சட்டியிலேயே கறுத்துக் குளிர்ந்தது. அரசன் பல்லக்கில் ஏறித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டான். அதற்குப்பின் அவன் அந்தப் பக்கம் வரவேயில்லை.

ஊரார் மலையேறிப்போய் எயினியைத் திரும்பி வரும்படி வேண்டினார்கள். பெருந்தேவனின் இடத்தில் அவளை உட்காரவைக்கிறோம் என்றார்கள். அவள் அவர்களுக்கு மோர் கொடுத்தாள். உட்காரச் சொன்னாள். ஆனால் வரமாட்டேன் என்றாள்.

"என் கை ஆறிவிட்டது. கோபம் ஆறவில்லை. அது ஆறவும் வேண்டாம், நீங்களும் ஆறவிடாதீர்கள்."

கடைசிவரை அவள் மலைக்கு அப்பாலேயே வாழ்ந்தாள். கேட்டவர்க்கெல்லாம் தேனீ கொடுத்தாள். கடம்பஞ்சாரலில் மட்டும் அவள் கால் வைக்கவே இல்லை.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: கண்ணெதிரே சாகிற உயிரைக் காக்கத் தன் கையே போதும் என்று தெரிந்தும், மேலிருப்பவன் சொல்லட்டும் என்று காத்திருப்பவன் அதைக் கொன்றவனே ஆவான்.